ஐந்தாவது பலகை, இடப்பக்கம்

வெள்ளாயணிக் காயலில் எங்கள் சங்கத்தின் நீளப் படகில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. முன்னாலிருந்து எண்ணினால் ஐந்தாவது பலகை, இடப்பக்கம். பலகைக்கு இரண்டு பேராகப் பத்துப் பலகையில் இருபது பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற படகு அது. முன்னே ஒருத்தர் கொட்டு அடிப்பார். பின்னே ஒருத்தர் நின்றுகொண்டு நீளத் துடுப்பால் திசை பிடிப்பார். அவரை அமரக்காரர் என்போம். சீனத்து மாதிரிப் படகு. போட்டி நாளில் மட்டும் மூக்கில் ஒரு டிராகன் தலையை மாட்டுவோம். நடுப் பலகைகளில் இருப்பவர்களைத்தான் படகின் எஞ்சின் என்று சொல்வது. நான் எஞ்சினில் இருந்தேன், மூன்று வருஷம். அந்த இடம் எப்படிப் போயிற்று என்பதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இரக்கம் சேர்த்துச் சொல்வார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வயதில் வள்ளியூரிலிருந்து வந்து கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஹோட்டலில் டம்ளர் கழுவினேன். பிறகு சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் கைவண்டி இழுத்தேன், பதினோரு வருஷம். மற்ற வண்டிகளை ஏற்றத்தில் பின்னாலிருந்து இன்னொருத்தன் தள்ளவேண்டும். என் வண்டியை நான் ஒருத்தனே இழுப்பேன். அந்தக் காலத்து ஆள் யாராவது மிச்சமிருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இன்று பழவங்காடியில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை என்னுடையது. விழிஞ்ஞத்துக் கடல்காரர்கள் நாலு கடையைத் தாண்டி என்னிடம் வருகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் வரவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் இன்ஜினியர்கள். மணக்காட்டில் வீடு கட்டியிருக்கிறேன். இதில் எதற்கும் எவனும் எனக்குக் கை கொடுத்ததில்லை.

படகுக்கு என்னைக் கூப்பிட்டது ஒரு பல் டாக்டர் அம்மா. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். வாய்க்குள் இரண்டு கருவியை வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் பேசினார். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு என்று ஒரு படகுச் சங்கம் தொடங்குகிறோம், காலை ஆறு மணிக்கு வெள்ளாயணியில், வாரம் மூன்று நாள், அண்ணாச்சியின் தோளைப் பார்த்தால் விட மனசில்லை என்றார். மறுப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் நாள் அந்தப் படகை லாரியிலிருந்து இறக்கியபோது மூக்குப் பக்கத்துக்குத் தோள் கொடுத்தவன் நான். பேங்க்காரர்களும் காலேஜ் வாத்தியார்களும் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நடந்தார்கள்.

டாக்டர் என் பலகையில் வலப்பக்கம். அமரம் பிடித்தவர் அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் நாகர்கோவில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தடத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது, பாதிக்குப் பாதி மலையாளம். கோச் ஒரு பெண். என் இளையவனைவிடச் சின்னவள். சங்கம் முழுக்க என்னை அண்ணாச்சி என்று கூப்பிட, அவள் மட்டும் அங்கிள் என்பாள். அது எனக்குப் பிடிக்காது.

அவள் என்னிடம் மூன்று வருஷமும் ஒரே குறைதான் சொன்னாள்.

"அங்கிள், இடுப்பு வரைக்கும் மதி. அதுக்கு மேல பின்னாடி போகண்டா."

மதி என்றால் போதும். துடுப்பை முன்னே நீட்டிக் குத்தி, இழுத்து, இடுப்புக்கு நேராக வந்ததும் தண்ணீரை விட்டு எடுத்துவிடவேண்டுமாம். அதற்குப் பின்னாலும் இழுத்தால் துடுப்பு தண்ணீரைத் தள்ளாமல் மேலே தூக்குமாம். அப்போது படகு கீழே அமுங்குமாம். எனக்கு இது ஏறவே இல்லை. பாரம் இழுத்தவனுக்குத் தெரியும், பாதியில் விட்டால் வண்டி நின்றுவிடும். முழுசாக இழுக்கவேண்டும். நான் முழுசாகத்தான் இழுத்தேன். என் துடுப்பிலிருந்து தெறிக்கிற தண்ணீர் ஆறாவது பலகைக்காரர் முகத்தில் அடிக்கும். அவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வருவார். "அண்ணாச்சிக்குப் பின்னாடி இருந்தா வீட்டுல குளிக்க வேண்டாம்" என்று சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதைப் பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் அந்த ஆறாவது பலகைக்காரருக்கு முழங்காலில் ஆபரேஷன். இருபதில் ஒன்று குறைந்தது. யாராவது தெரிந்தால் கூட்டிவாருங்கள் என்றாள் கோச். நான்தான் ஒருத்தனைக் கூட்டிவந்தேன்.

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். தென்காசிப் பக்கம். நாற்பத்தைந்து வயது. புதனும் சனியும் இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான் என்பதால் பழக்கம். மாவைத் தூக்கி அடிக்கிற கையை நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, நீச்சல் தெரியுமா?" என்றேன்.

"சித்தாத்துல விழுந்து எந்திரிச்சவன்ட்ட கேக்குற கேள்வியா அண்ணாச்சி? எதுக்கு?"

"காயல்ல படகு வலிக்க."

"மீன் பிடிக்கவா?"

"சும்மா. போட்டிக்கு."

"சும்மா வலிக்கிறதுக்கா விடியக்காலம் எந்திரிக்கிறீங்க? நல்லாப் பொழைச்சீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, மறுவாரம் எனக்கு முன்னால் கடவில், படகு கட்டுகிற துறையில், வந்து நின்றான்.

கோச் அவனுக்கு ஒரு வாரம்தான் சொல்லிக்கொடுத்தாள். பிறகு சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அவன் துடுப்பு தண்ணீருக்குள் போகிற சத்தமே கேட்காது. பெருமைக்காரன் நான். என் ஆள் இவன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வருஷம், கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலில் நடக்கிற போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். முழங்கால்காரரும் குணமாகித் திரும்பினார். இருபத்தொரு ஆள், இருபது இடம். இடப்பக்கம் ஓர் ஆள் கூடுதல். முழங்கால்காரர் பழையபடி ஆறாவது பலகைக்குப் போனார். மிச்சம் நானும் பரோட்டா மாஸ்டரும். எடையும் ஏறக்குறைய ஒன்று, பக்கமும் ஒன்று. யார் கொல்லம் போவது என்பதை ஆள் மாற்றிப் பார்த்து முடிவு செய்வோம் என்றாள் கோச்.

ஆள் மாற்றிப் பார்ப்பது என்றால் இதுதான். பத்தொன்பது பேர் அசையாமல் அவரவர் இடத்தில் இருப்பார்கள். ஐந்தாவது பலகையின் இடப்பக்கம் மட்டும் ஒருமுறை அவன், ஒருமுறை நான். தாமரை படர்ந்த ஓரத்திலிருந்து பம்ப் ஹவுஸ் வரைக்கும் இருநூறு மீட்டர். ஆளுக்கு இரண்டு ஓட்டம். படகில் இல்லாதவன் கோச்சோடு மோட்டார் படகில் உட்கார்ந்து கூடவே வரவேண்டும். மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கிறபோது நேரம் மாறினால், அந்த மாற்றம் அந்த ஒரு ஆளுடையது. தராசு பிடித்துப் பிழைத்தவன் நான். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. ஜெயிப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை.

முதல் ஓட்டம் அவனுடையது. நான் மோட்டார் படகிலிருந்து, மூன்று வருஷத்தில் முதல்முறையாக, எங்கள் படகை வெளியிலிருந்து பார்த்தேன். அழகாகத்தான் போயிற்று. பிறகு நடுக்காயலில் படகோடு படகை அணைத்து நாங்கள் இடம் மாறினோம். நான் உட்கார்ந்ததும் டாக்டர் முன்னும் பின்னும் திரும்பி ஏதோ மெல்லச் சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. கொட்டு விழுந்தது. உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

இரண்டு வினாடி பின்னால்.

மறுபடி அவன். இந்த முறை நான் படகைப் பார்க்கவில்லை. கோச்சின் கையிலிருந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நேரம் முதல் ஓட்டத்தைவிடக் கூடியது. களைத்துவிட்டான் என்று எனக்குள் ஒரு துள்ளல். மறுபடி நான். தோள் கழன்று காயலில் விழுந்தாலும் சரி என்று இழுத்தேன். பக்கத்தில் டாக்டருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் யாரோ முனகினார்கள்.

ஒரு வினாடி பின்னால்.

கடவுக்கு வந்து படகைக் கட்டினோம். கோச் என் பக்கத்தில் வந்தாள். "ஸாரி அங்கிள். கொல்லத்துக்கு வாங்க, ரிசர்வ்ல வைக்கிறேன்" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"எல்லாருமாச் சேந்து என்ன ஏமாத்திட்டீங்க, இல்லையா?" என்றேன்.

"எந்தா அண்ணாச்சி பறயுன்னது, என்ன பேச்சு இது?" என்றார் டாக்டர்.

"என் ஓட்டத்துல ஆளுக்கு ஒரு பிடி குறைச்சா போதும், ரெண்டு செகண்டு போகும். இது தெரியாதா எனக்கு? கம்போளத்துல கை வச்சுப் பாத்தே எடை சொன்னவன்வே நான்."

"அங்கிள், வாட்ச் பொய் சொல்லாது."

"வாட்ச் சொல்லாதும்மா. கை சொல்லும்."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அது எனக்குச் சூடேற்றியது. படித்தவன்களுக்கு நடுவில் ஐந்தாம் வகுப்புக்காரன் உறுத்துகிறேன் என்றேன். உடனே எனக்கே தெரிந்தது, பரோட்டா மாஸ்டர் நாலாம் வகுப்பு. தமிழன் என்பதால் என்று தொடங்கினேன். அதுவும் நிற்கவில்லை. அவன் என்ன சீனாக்காரனா? கடைசியில் அவன் பக்கம் திரும்பினேன்.

"உன்னை இங்க கொண்டாந்தது யாரு?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"கூட்டத்தோட சேந்து நீயும் சிரிச்சியா மோட்டார் படகுல உக்காந்து?"

"இல்ல அண்ணாச்சி." அவன் துடுப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். முகத்தைத் தூக்கவில்லை.

லைப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கடவுப் படியில் போட்டேன். டாக்டர் கண் நிறைந்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தேன்.

அடுத்த மூன்று வாரம் நான் நன்றாகவே இருந்தேன். ஏமாற்றப்பட்டவனாக இருப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் மூன்றாம் தடவை கேட்டும் ச்சு கொட்டினார். வீட்டில் மட்டும் எடுபடவில்லை. "அதுல உங்கள ஏமாத்தி அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்றாள் என் மனைவி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. "பொறாமை" என்றேன். "துடுப்புப் போடறதுக்கா?" என்றாள். உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மத்தியானம் அமரக்காரர் கடைக்கு வந்தார். படகு கட்டுகிற கயிறு இற்றுப்போயிற்று, புதுசு வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, முழங்கால்காரனுக்கு மறுபடியும் நீர் கட்டிப்போச்சு. ஆறாவது பலகை ஒழிஞ்சு கிடக்கு. கொல்லத்துக்கு இனி எட்டு நாளு. வரணும்."

"என்ன ஏமாத்துனவங்க கூட நான் ஒரு படகுல இருக்கணுமா?"

"ஆரு ஏமாத்தினது?"

"எல்லாரும்தான். நீரும்தான்வே."

அவர் முகம் மாறிற்று. முப்பது வருஷம் பயணிகளிடம் பேச்சுக் கேட்டவர், கோபமே வராத மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, நான் நிக்குறது எவிட? பின்னாடி. எனக்கு முன்னாடி இருபது முதுகு. அதுல ஒரு முதுகு பொய் சொன்னா எனக்குத் தெரியும். அன்னைக்குப் பொய் சொன்னாங்க, சத்தியம்தான். நீங்க நெனைக்கிற பொய் இல்ல."

"பின்ன?"

"நீங்க ஏறி உக்காந்ததும் டாக்டர் என்னா சொல்லிச்சு தெரியுமா? 'அண்ணாச்சிக்கு வேண்டி ஒண்ணு ஆஞ்சு வலிக்கணும்'னு. ஆஞ்சு, உள்ள பலமெல்லாம் போட்டு வலிச்சாங்க அண்ணாச்சி. ரெண்டு ஓட்டமும். மாஸ்டர் இருந்தப்ப சும்மா பிராக்டீஸ் மாதிரி வலிச்சவங்க, உங்க ஓட்டத்துல சாகிற மாதிரி வலிச்சாங்க. எட்டாவது பலகையில பேங்க் மேனேஜர், ஓட்டம் முடிஞ்சு தண்ணியில வாந்தி எடுத்தாரு. நீங்க பாக்கல."

கயிற்று உருண்டையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கேக்கணுமா?"

"சொல்லும்."

"மாஸ்டர் ரெண்டாவது ஓட்டத்துல துடுப்பைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். தோசைக்கு எண்ணெ தடவற மாதிரி. உங்களுக்கு விட்டுக் கொடுத்தான். அப்பவும் நீங்க ஒரு செகண்டு பின்னாடி."

தெருவில் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போயிற்று.

"அன்னைக்கு நான் அத்தனை பேச்சுப் பேசினேனே. ஒருத்தரும் ஏன் சொல்லல?"

"நான் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கண்ணைக் காட்டிச்சு. திட்டிட்டுப் போகட்டும், அது பரவாயில்ல, இதச் சொன்னா அண்ணாச்சி தாங்க மாட்டாருன்னு."

தாங்க மாட்டார். என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை இந்த ஊரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூட்டைக்கு அடியில் குனிந்தபோது சொல்லவில்லை. கடை ஒருமுறை தீப்பிடித்து மொத்தமும் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது சொல்லவில்லை. ஏமாற்றியிருந்தால் எனக்குச் சமமானவர்களாக இருந்திருப்பார்கள். என்னைக் கண்டு பயந்தார்கள் என்றாவது வைத்துக்கொள்ளலாம். இவர்கள் கைப்பிள்ளையை நடத்துகிற மாதிரி, என் இரண்டு பக்கமும் பிடித்து நடத்தியிருக்கிறார்கள். அப்படியும் நான் நடக்கவில்லை.

"வருவீங்களா அண்ணாச்சி? ஆளு இல்ல. சத்தியமாட்டு ஆளு இல்ல."

"கடையை விட்டுட்டு வர முடியாது. ஓணம் வியாபாரம்."

அவர் என்னைப் பார்த்தார். "ஓணம் கழிஞ்சு பத்து நாளாச்சல்லோ."

"எனக்கு இன்னும் கழியல."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "இடுப்பு வரைக்கும் மதி அண்ணாச்சி. அந்தப் பொண்ணு சொன்னது அவ்வளவுதான். வேற ஒண்ணும் உங்கட்ட குறையில்ல" என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னது. அன்றைக்கு எனக்கு அவர் தலையில் கயிற்றை எறியலாம் போல இருந்தது.

போகலாம் என்று ஒருநாள் முழுக்க நினைத்தேன். பொய்யாகச் சொல்லவில்லை. அதிகாலையில் எழுந்து ஸ்கூட்டரைத் துடைக்கக்கூடச் செய்தேன். ஆனால் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தால், நான் ஒவ்வொரு முறை துடுப்பைக் குத்தும்போதும் சுற்றி இருக்கிற பத்தொன்பது பேரும் எனக்காக ஒரு பிடி கூட்டிப் போடுகிறார்களா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி உட்கார என்னால் முடியாது.

பத்தொன்பது பேரோடு கொல்லம் போனார்கள். ஆறு படகில் ஆறாவதாக வந்தார்கள். செய்தி கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் நடந்தது அதுதான். பாத்திரக்கடைக்காரரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் அது தீர்ந்துவிட்டது. ஐந்தாவது வந்த படகுக்கும் எங்களுடையதற்கும் அரைப் படகு நீளம்கூட இல்லை என்று பிறகு தெரிந்தது. நான் இருந்திருந்தால் அந்த அரைப் படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? உண்மையில் நான் அவனைவிட எத்தனை வினாடி பின்னால்? அன்றைய நாலு ஓட்டத்தில் எந்த நேரமும் அசல் இல்லை. பத்தொன்பது பேர் சேர்ந்து அன்பினால் தராசைக் கெடுத்துவிட்டார்கள். இனி அதை நிறுத்துப் பார்க்க வழியில்லை.

போன வாரம் கடை திறக்க வரும்போது பிள்ளையார் கோயில் முன்னால் பரோட்டா மாஸ்டர் நின்றான். மகளுக்கு நர்சிங் சேர இடம் கிடைத்திருக்கிறதாம், தேங்காய் உடைக்க வந்திருக்கிறான். சாப்பாட்டுக்கு அவன் ஹோட்டலுக்குப் போவதை நான் நிறுத்தி இரண்டு மாசம் ஆகிறது. அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"நீங்க இருந்திருந்தா கடைசி வந்திருக்க மாட்டோம் அண்ணாச்சி" என்றான்.

"ஏலே, பொய் சொல்லாத."

பொய்யில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பிடிவாதம் பிடித்திருந்தால்கூட நான் பாதி நம்பியிருப்பேன். அவன் கையிலிருந்த தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினான்.

"நீங்க உடைங்களேன் அண்ணாச்சி. உங்க கையால."

"உன் மகளுக்கு நீதாம்ல உடைக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் தேங்காய் சிதறுகிற சத்தம் கேட்டது. ஒரே வீச்சில் உடைத்திருக்கிறான்.